ஒரு பக்கம் திறந்த பேரிங்

அவரோடு ஒரு நாள் வேலை பார்த்தவன் எவனும் அவரைத் திட்டாமல் வீட்டுக்குப் போனதில்லை. நான் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். எவ்வளவு திட்டியிருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது ஆள் இல்லை. இல்லாததால் நல்லவராக எழுதவேண்டும் என்று எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தபடி எழுதுகிறேன்.

மெக்கானிக். பனச்சமூட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கடை. போர்டு கிடையாது. ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின், எது வந்தாலும் பார்ப்பார். மற்றவர்கள் பேனா குத்துகிற சட்டைப்பையில் அவர் ஒரு குடைக்கம்பி வைத்திருப்பார். பழைய குடையிலிருந்து பிடுங்கி, ஒரு முனையை அரத்தால் ராவித் தட்டையாக்கியது. ஊரில் அவருக்குக் குடைக்கம்பி என்றே பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்லமாட்டார்கள். அவருக்குத் தெரியும்.

அந்தக் கம்பியால் அவர் எதையும் திறப்பார். அதுதான் அவருடைய சீக்கு. மூடியிருக்கிற எந்தப் பொருளையும் அவர் நம்பமாட்டார். கடையில் புதிதாக வாங்கிய பொருள் என்றால் இன்னும் மோசம். கூடுதலாகச் சந்தேகப்படுவார்.

எங்கள் சபைக்கு ஒரு தடவை புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினோம். மைக் செட்டுக்கு. பின்பக்கம் கம்பெனி ஒட்டின ஒரு ஸ்டிக்கர். அது கிழிந்தால் வாரண்டி கிடையாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போதகர் அதை ஜெபம் பண்ணி வைப்பதற்கு முன்பே இவர் குடைக்கம்பியை விட்டுக் கிழித்துவிட்டார். நாங்கள் ஓடிப்போவதற்குள் மூடி கையில் இருக்கிறது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். திரும்ப மூடினார்.

"ஒண்ணும் இல்ல. நல்ல சாதனமாக்கும்," என்றார்.

"நல்லதுன்னு எங்களுக்கும் தெரியுமே ஓய்," என்றார் சபைப் பொருளாளர். "வாரண்டி போச்சே."

"வாரண்டி அவன் சொல்லது. நான் பாத்தாச்சு. இனி நான் சொல்லுகேன்."

அவர் வீட்டுக்காரி ஒரு தடவை எங்களிடம் சொன்னது: "இந்த வீட்டுக்கு வந்த மிக்ஸி, கிரைண்டர், கடிகாரம் ஒண்ணுகூட கடையில இருந்த மாதிரி இல்ல. எனக்குத்தான் ஸ்குரூ இல்ல. அதனால தப்பிச்சேன்." அவரும் உட்கார்ந்து சிரித்தார்.

அவருடைய தங்கை மகளை மார்த்தாண்டத்திலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தபோது, எல்லோரும் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருக்க, இவர் வெளியே மாப்பிள்ளையின் பைக்குப் பக்கத்தில் குத்தவைத்து செயின் கவரைக் கழற்றியிருக்கிறார். உள்ளே வந்து, "செயின் வறண்டு கெடக்கு, இவன் சரிப்பட மாட்டான்," என்றாராம். கல்யாணம் நடந்தது. இரண்டு பிள்ளைகள். நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி என் விஷயம்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒரு தனியார் காலேஜில் நான் மைதானம் பார்க்கிறவன். ரப்பர் தோட்டத்தை அழித்துப் போட்ட பெரிய மைதானம். எங்கள் பக்கம் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். புல் ஒரு நாளும் சும்மா இருக்காது. அதை வெட்ட மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு வண்டி உண்டு. காலேஜ் முதலாளி வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியாக வாங்கி இறக்கியது. பார்க்கச் சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். வயிற்றுக்கு அடியில் பெரிய இரும்புத் தட்டு. அதற்குள் மூன்று பிளேடுகள் சுற்றும். பிளேடு ஒன்றுக்கு ஒரு தண்டு, தண்டு ஒன்றுக்கு மேலும் கீழுமாக இரண்டு பேரிங். மொத்தம் ஆறு.

பேரிங்கில் இரண்டு வகை. ஒன்று திறந்தது. உள்ளே குண்டுகள் கண்ணுக்குத் தெரியும், கிரீஸ் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். இன்னொன்று சீல் பேரிங். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டு, கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து அடைத்து வருவது. மாட்டினால் போதும், மறந்துவிடலாம் என்று கடைக்காரன் சொல்வான்.

எங்கள் வண்டியில் தண்டைச் சுற்றி இருக்கிற இரும்புக் கூட்டில் கிரீஸ் நிப்பிள் உண்டு, வெளியிலிருந்து கிரீஸ் அடிக்க ஒரு சின்ன வாய். ஆனால் கடையில் இப்போது கிடைப்பதெல்லாம் சீல் பேரிங். கூட்டுக்குள் சீல் பேரிங்கை அப்படியே மாட்டிவிட்டு நிப்பிள் வழியாக கிரீஸ் அடித்தால், மூடி போட்ட குடத்தின் மேல் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. கூடு நிறையும். பேரிங்குக்குள் ஒரு பொட்டு போகாது. இது தெரியாமல் வருடக்கணக்கில் கிரீஸ் அடித்துக்கொண்டிருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அவர் என்ன செய்வார் என்றால், புது சீல் பேரிங்கைக் கையில் எடுத்து, குடைக்கம்பியை ரப்பர் மூடியின் ஓரத்தில் விட்டு ஒரு நெம்பு நெம்புவார். மூடி தெறிக்கும். ஒரு பக்கம் மட்டும். திறந்த பக்கத்தைக் கூட்டின் உள்பக்கமாக வைத்து மாட்டுவார். வெளிப்பக்க மூடி மழைத்தண்ணீரைத் தடுக்கும், உள்பக்கம் நிப்பிள் வழியாக வருகிற கிரீஸை வாங்கிக்கொள்ளும்.

"ரெண்டு பக்கமும் அடச்சுக் கெடந்தா உள்ள என்ன நடக்குன்னு எப்படிலே தெரியும்? நம்ம ஊரு மழைக்கு எந்த ரப்பரும் நிக்காது மக்கா. தண்ணி போவும். போன தண்ணி வெளிய வர வழி வேணும்."

ஆறு பேரிங்குக்கும் இப்படி. ஒவ்வொன்றையும் திறப்பார், மண்ணெண்ணெயில் கழுவுவார், கம்பெனிக்காரன் வைத்த கிரீஸை விரலில் எடுத்து முகர்ந்து பார்ப்பார், அவருடைய கிரீஸை வைப்பார். ஒரு மணிநேர வேலை சாயங்காலம் வரை போகும். நான் பக்கத்தில் நின்று எரிந்துகொண்டிருப்பேன்.

அவர் போட்டுத் தந்த ஒழுங்கு ஒன்று இருந்தது. சனிக்கிழமைதோறும் கிரீஸ் கன்னால் நிப்பிளுக்கு ஐந்து அடி. வண்டி நிற்கிற ஷெட்டுக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை தொங்கும். அடித்தால் அதில் ஒரு டிக். அட்டையை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. வந்தவுடன் வண்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவி, விரலைப் பார்ப்பார். "அட்டையில டிக் இருக்கு, பாருங்க," என்று நான் சொன்னால், "அட்டைக்கா கிரீஸ் அடிச்ச?" என்பார். என்னைக் கள்ளன் மாதிரி நடத்துகிறார் என்று எனக்கு ஆத்திரம் வரும்.

ஒரு வருடம் காலேஜைப் பார்வையிட வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. முந்தின நாள் காலையில் வண்டி கத்த ஆரம்பித்துவிட்டது. பேரிங் போய்விட்டது. மைதானத்தில் முட்டளவு புல். நான் நாகர்கோவிலுக்கு ஓடி ஆறு பேரிங் வாங்கி வந்தேன். அவர் வந்தார். உட்கார்ந்தார். குடைக்கம்பியை எடுத்தார். மத்தியானம் இரண்டு மணி. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் புல்லை வெட்ட முடியாது. அட்மின் ஆபீசர் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். "ஒரு நாளாவது தொறக்காம போடும் ஓய். ஒலகம் முழுக்க அப்படியே மாட்டுகான். உமக்கு மட்டும் என்ன? எனக்க வேலையக் கெடுத்துட்டுத்தான் போவீரா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரை 'நீங்க' என்றுதான் பேசுவது. அன்று வாய் அப்படி வந்துவிட்டது. அவர் கம்பியைப் பையில் வைத்தார். ஆறு பேரிங்கையும் திறக்காமல் அப்படியே அடித்து மாட்டினார். முக்கால் மணிநேரத்தில் முடிந்தது.

எழுந்து கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது ஒனக்க வாய்க்குப் போட்டது. பரிசோதனை கழியட்டு. ஒரு போன் போடு, வாறேன். கழத்தி ஒழுங்கா போடலாம்."

நான் போன் போடவில்லை. தட்டைக் கழற்றி, அவர் ஒவ்வொன்றாகத் திறந்து மாட்டி முடிக்க ஒரு நாள் போய்விடும். வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது. எதற்கு வம்பு? அவர் இரண்டு தடவை தானாகவே கேட்டார். அடுத்த வாரம் என்றேன். பிறகு அவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். கிரீஸ் அடிப்பதை நிறுத்தினேன். அடைத்த பேரிங்குக்கு வெளியே கிரீஸ் அடித்து என்ன ஆகப்போகிறது? அவரே சொன்னதுதானே? சனிக்கிழமை டிக் மட்டும் போட்டேன். டிக் போட ஒரு வினாடி.

எட்டு மாதம் ஓடியது. வெட்டி முடித்ததும் நான் தட்டைக் குழாய்த்தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன். ஈரப்புல் அடியில் அப்பிக்கொள்ளும், கழுவாமல் முடியாது. அந்தத் தண்ணீர் போகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கேலரிப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெல்ட் புகைந்த நாற்றம் வந்தது. பெடலிலிருந்து காலை எடுப்பதற்குள் அடியில் ஒரு சத்தம். தண்டு முறிந்து, பிளேடு பக்கவாட்டில் பறந்து கேலரிப் படியில் அடித்தது. சிமெண்ட் பெயர்ந்துவிட்டது. அந்தப் படியில்தான் பெண்பிள்ளைகள் சோறு தின்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் மணி அடித்து எழுந்து போயிருந்தார்கள். ஒரு டிபன் மூடி அங்கேயே கிடந்தது.

என் மகள் அந்தக் காலேஜில் இரண்டாம் வருடம். ஊழியர் பிள்ளை என்பதால் கிடைத்த சீட். நான் அங்கே வேலையில் இருக்கிற வரைதான் அது. அந்தப் படியில் அவளும் உட்காருவாள்.

அட்மின் ஆபீசர் பட்டாளத்திலிருந்து வந்தவர். கேரளத்தில் வடக்கே எங்கோ ஊர். மலையாளம் மட்டும் பேசுவார். சத்தம் போடமாட்டார். "நாளெ மெக்கானிக் வரட்டே. துறந்து நோக்கட்டே. கிரீஸ் இல்லெங்கில் இவன் வீட்டில் போகும்," என்றார். திறந்து பார்த்து கிரீஸ் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் ஷெட்டுக்குப் போனேன். கிரீஸ் கன்னை எடுத்து மூன்று நிப்பிளிலும் அடித்தேன். ஐந்து அடி இல்லை, கை ஓய்கிற வரை அடித்தேன். வழிந்ததைத் துணியால் துடைத்தேன். துணியைப் புல் குவியலுக்குள் புதைத்தேன்.

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். ஆபீசர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டைக் கழற்றி, முறிந்த தண்டின் கூட்டை மேசையில் வைத்தோம். அவர் கம்பியை எடுக்கும்போது நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஷெட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திறந்தார். கூட்டுக்குள் நடுவில் மஞ்சள் கிரீஸ், வெண்ணெய் மாதிரி, ஒரு தூசி இல்லாமல். அதற்குச் சுற்றிலும் அவர் எட்டு மாதத்துக்கு முன்பு மாட்டும்போது வைத்தது, கருத்து, காய்ந்து, தகடு மாதிரி ஒட்டிக்கொண்டு. எட்டு மாதம் வாரம் தவறாமல் அடித்திருந்தால் அப்படி இரண்டாகப் பிரிந்து இருக்காது. கிரீஸ் தெரிந்த எவனுக்கும் அது தெரியும். ஆபீசருக்குத் தெரியாது.

அவர் பெருவிரலால் மஞ்சளை எடுத்தார். முகர்ந்தார். கருப்பைச் சுரண்டிப் பார்த்தார். அடுத்த கூட்டைத் திறந்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதைத் திறந்தார். பிறகு பேரிங்கின் ரப்பர் மூடியை நெம்பினார். துருத்தண்ணீர் சிவப்பாக வழிந்தது.

"எந்தா?" என்றார் ஆபீசர்.

"கிரீஸ் ஒக்க அடிச்சிருக்கான் சாரே. கண்டோ, கூடு நெறஞ்சு கெடக்கு," என்றார். "பேரிங் ரெண்டு பக்கமும் அடச்சது. கிரீஸ் உள்ள போவல்ல. ஒரு பக்கம் தொறந்து போடணும். தொறக்காம போட்டாச்சு."

"ஆரு இட்டது?"

"எனக்க கையாக்கும் போட்டது."

"இவன் அறிஞ்ஞில்லே?"

"இவனுக்கு எப்படித் தெரியும் சாரே? வெளிய நின்னு பாத்தா தெரியுமா? இவன் அடிக்க வேண்டியத அடிச்சான்."

ஆபீசர் எழுந்தார். இனி இந்தக் கேட்டுக்குள் வரவேண்டாம் என்று அவரிடம் சொன்னார். அதையும் சத்தம் போடாமல்தான் சொன்னார். காலேஜின் ஜெனரேட்டர், பம்பு, பதினாலு பஸ், எல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பிழைப்பில் பாதி அது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். கூடவே நின்றேன்.

குழாயடியில் அவர் கை கழுவும்போது சோப்புத்தூள் எடுத்துக் கொடுத்தேன். தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "இன்னைக்குக் காலத்தயா, நேத்து சாயங்காலமா?"

"காலத்த," என்றேன்.

"ம்," என்றார். சட்டையில் கை துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பிறகு நடந்ததுதான் மோசம். பனச்சமூட்டில் அது ஒரு பெரிய தமாஷாகிவிட்டது. சந்தைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் கடை முன்னால் நின்று, "அண்ணா, குடைக்கம்பி துருப்பிடிச்சுப் போச்சா? தொறக்காம போட்டீராமே?" என்பான். சபையில் பொருளாளர் ஆம்ப்ளிஃபயரைக் காட்டி, "இதையும் அப்படியே விட்டிருந்தா வாரண்டியாவது மிஞ்சியிருக்கும்," என்றார். ஆராதனை முடிந்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அவர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

ஒரு தடவை அவர் கடைக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், நான் யார் என்று தெரியாமல். பிளேடு பறந்து ஒரு பெண்ணுக்குக் காயம் என்று வேறு சேர்த்திருந்தான். எதிரே அவர் ஒரு மிக்ஸியைத் திறந்து குனிந்திருந்தார். டீயைக் குடித்தேன். கிளாஸை வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவர் என்னை நம்பினார், அதனால் காப்பாற்றினார் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அவளிடம் நான் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறேன். நம்புகிற ஆள் இல்லை அவர். யாரையும் நம்பியதில்லை. பார்த்தார். என்ன இருக்கிறது என்று அவர் கண்ணாலேயே பார்த்தார். பார்த்த பிறகு, இல்லாததைச் சொன்னார். அவர் வாழ்நாளில் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். ஏன் சொன்னார் என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. என் மகளுக்காக இருக்கலாம். அன்று நான் கத்தின கத்தலுக்குப் பயந்து கம்பியைப் பையில் வைத்தோமே என்ற வெட்கமாக இருக்கலாம். எனக்குத் தெரியாது.

அந்த வண்டியைக் காலேஜ் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வண்டி வாங்கியது. இதில் நிப்பிள் கிடையாது. எல்லாம் சீல் பேரிங். நான்கு மழை கடந்துவிட்டது. ஒரு பேரிங்கும் போகவில்லை. இதையும் எழுதவேண்டும். எந்த ரப்பரும் நிற்காது என்று அவர் சொன்னது தப்பு.

மகள் படிப்பை முடித்தாள். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் போவதற்கு முன்பு, அவளைக் கூட்டிக்கொண்டு, ஒரு டப்பா லட்டு வாங்கிக்கொண்டு பனச்சமூட்டுக்குப் போனேன். அன்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். மகள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வது. அவளுக்கும் தெரியட்டும்.

கடையில் முன்பு மாதிரிக் கூட்டம் இல்லை. இரண்டு மிக்ஸி, ஒரு மேசை ஃபேன். அவர் மெலிந்திருந்தார். மகளைப் பார்த்து எழுந்தார்.

"வா மோளே. வேலை கிடைச்சுதா? கொள்ளாம், கொள்ளாம்."

டப்பாவை நீட்டினாள். ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பைக் குடைக்கம்பியால் நெம்பினார். அதே கம்பி. நான் ஆரம்பித்தேன்.

"அண்ணா, அந்தப் பழைய வண்டி விஷயம்..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளிடம் கேட்டார்: "ஒனக்க அப்பன் இப்போ சனிக்கிழம கிரீஸ் அடிக்கானா?"

"புது வண்டிக்கு நிப்பிளே இல்ல மாமா," என்றாள் அவள். "எல்லாம் சீல்."

"அப்படியா? அப்போ தப்பிச்சான்."

அவள் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவரும் சிரித்தார். ஒரு லட்டை எடுத்து இரண்டாக உடைத்தார். உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பாதியை என் கையில் வைத்தார்.

"தின்னு மக்கா. நல்லதாக்கும்."

தின்றேன்.